அற்புதமும் ஆய்வும்: ஒரு வழக்கத்தின் வரலாறு

இயற்கை நிகழ்வு ஒன்றுக்கு விளக்கம் தேடும்போது கடவுள், ஆவி, தேவதை முதலிய இயற்கைக்கு அப்பாற்பட்ட காரணங்களைக் கூறலாகாது என்பது இன்றைய அறிவியலில் எழுதப்படாத விதியாக நிலைபெற்றிருக்கிறது. மெய்யியலார் இதனை முறையியல் இயற்கைவாதம் என்பர். ஆய்வு நடக்கும் வரையில் இயற்கைக் காரணங்களை மட்டுமே நாடுவது என்னும் செயல்முறைக் கட்டுப்பாடு என்பது இதன் பொருள். இயற்கையைத் தவிர வேறெதுவுமே இல்லை என்று அறுதியிட்டு உரைக்கும் மெய்யியல் இயற்கைவாதம் இதிலிருந்து வேறானது. முன்னது தொழில் ஒழுங்கு, பின்னது உலகைப் பற்றிய முடிவு. இந்தக் கட்டுப்பாட்டை நாத்திகர்கள் அறிவியலின்மேல் சுமத்தினார்கள் என்று கருதுவோர் பலர் உளர். அக்கருத்து அதன் தோற்ற வரலாற்றோடு பொருந்தவில்லை.

13ஆம் நூற்றாண்டின் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் மாணவர் முதலில் கலைப்புலத்தில் தருக்கமும் அரிஸ்டாட்டிலின் இயற்கை நூல்களும் பயின்று, பின்னரே இறையியல் புலத்துக்குச் செல்ல முடியும். 1272இல் கலைப்புல ஆசிரியர்கள் இறையியலுக்கே உரிய கேள்விகளைத் தங்கள் வகுப்பில் விவாதித்து முடிவு கூறலாகாது என்று விதி செய்யப்பட்டது. திருச்சபையின் கோட்பாடுகளைக் காப்பதற்காக எழுந்த இந்த வேலி, எதிர்பாராத வகையில், இயற்கையை இயற்கையைக் கொண்டே விளக்கும் ஒரு களத்தையும் அடைத்துக் கொடுத்தது. வாழ்நாள் முழுவதும் கலைப்புலத்திலேயே பணியாற்றிய ஜான் புரிடான், இறைவன் நினைத்தால் எதனையும் செய்ய வல்லவன் என்பதை ஒப்புக்கொண்டு, தாம் பேசுவது பொருள்களின் இயல்பான போக்கைப் பற்றி மட்டுமே என்று எல்லை வகுத்துக்கொண்டார். அவருக்குப் பின்வந்த நிக்கோல் ஓரெஸ்ம், வியப்பூட்டும் நிகழ்வுகளைக் குறித்துத் தனி நூலே எழுதி, அவற்றுக்குப் பேய்களையோ கடவுளின் நேரடித் தலையீட்டையோ துணைக்கழைக்க வேண்டியதில்லை என்று வாதிட்டார். இவர் 1377இல் லிசியே நகரின் ஆயராகவும் ஆனவர். எல்லாவற்றுக்கும் முதற்காரணம் இறைவனே என்பதில் இவர்களுக்கு ஐயமில்லை. எல்லாவற்றுக்கும் ஒருபடித்தாகப் பொருந்தும் விடை, இந்த வானவில் ஏன் இந்த வடிவில் தோன்றுகிறது என்பதற்கு விடையாகாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர் என்பதே செய்தி.

இந்த ஒழுங்கை எல்லோரும் எப்போதும் கடைப்பிடித்ததாகவும் எண்ணிவிடக் கூடாது. கோள்களும் வால்மீன்களும் ஒன்றையொன்று ஈர்ப்பதால் சூரிய மண்டலத்தில் சிறுகச் சிறுகக் குலைவு சேரும் என்றும், ஒரு கட்டத்தில் அது சீரமைக்கப்பட வேண்டிவரும் என்றும் நியூட்டன் தம் ஒளியியல் நூலில் எழுதினார். சீரமைப்பவர் கடவுள் என்பதை அவர் மறைக்கவில்லை. 1715இல் லைப்னிட்ஸ், அடிக்கடி பழுதுபார்க்க வேண்டிய கடிகாரத்தைச் செய்தவன் திறமையற்ற தொழிலாளி அல்லவா என்று இதனை எள்ளினார். அதே விவாதத்தில் அவர், தொடர்பே இல்லாத இரு பொருள்கள் வெற்றிடத்துக்கு ஊடே ஒன்றையொன்று இழுப்பதும் இடையறாத அற்புதமே அன்றி வேறல்ல என்று நியூட்டனின் ஈர்ப்பையும் சாடினார். இயற்கை விதிக்கு முதல் எடுத்துக்காட்டாக இன்று பள்ளியில் கற்பிக்கப்படும் ஈர்ப்பே அன்று அற்புதம் என்று பழிக்கப்பட்டது என்றால், இயற்கை எது, அதற்கு அப்பாற்பட்டது எது என்ற கோடு ஆய்வு தொடங்கும் முன்பே யாராலோ வரையப்பட்டிருக்கவில்லை என்பது விளங்கும்.

நியூட்டன் கூறிய குலைவுக்கு வலுவான சான்றாகத் தோன்றியது வியாழன், சனி ஆகிய கோள்களின் போக்கு. பழைய நோக்கீடுகளோடு ஒப்பிட்டபோது வியாழனின் ஓட்டம் விரைவடைவதும் சனியின் ஓட்டம் தளர்வதும் 17ஆம் நூற்றாண்டிலேயே தெரியவந்திருந்தன. வியாழன் சூரியனை ஐந்து முறை சுற்றும் காலமும் சனி இரண்டு முறை சுற்றும் காலமும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால் இந்த ஏற்றத்தாழ்வு உண்டாகிறது என்றும், சுமார் 900 ஆண்டுகளில் அது தானே திரும்பிவிடும் என்றும் லாப்லாஸ் 1785இல் கணித்துக் காட்டினார். கடவுள் என்னும் கருதுகோள் தமக்குத் தேவைப்படவில்லை என்று அவர் நெப்போலியனிடம் கூறியதாக வழங்கும் கதைக்கு உறுதியான சான்று இல்லை. கணக்கு முடிந்தபின் அந்தக் கூற்றுக்குப் பெரிய தேவையும் இல்லை. இங்கே கருதத்தக்கது என்னவெனில், தெய்வீகத் தலையீடு விதியைக் காட்டி விலக்கப்படவில்லை. அதைவிடத் துல்லியமான விளக்கம் கிடைத்தமையால் விலகிற்று.

19ஆம் நூற்றாண்டில் இன்னும் நேரடியான மோதல் நிகழ்ந்தது. 1871 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் டைஃபாய்டு காய்ச்சலால் உயிருக்குப் போராடியபோது இங்கிலாந்து முழுவதும் பிரார்த்தனை நடைபெற்றது. அவர் பிழைத்தெழுந்ததும் 1872 பிப்ரவரியில் லண்டன் புனித பவுல் பேராலயத்தில் பெரும் நன்றி வழிபாடு நடத்தப்பட்டது. அவ்வாண்டு ஜூலையில் இயற்பியலாளர் ஜான் டிண்டால், பெயர் குறிப்பிடாத ஒருவரின் யோசனையை ஓர் இதழில் முன்வைத்தார்: ஒரு மருத்துவமனையின் குறிப்பிட்ட பிரிவிலுள்ள நோயாளிகளுக்காக மட்டும் நாட்டின் பக்தர்கள் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் சிறப்பாகப் பிரார்த்திக்கட்டும், அங்கு இறப்பு விகிதம் குறைகிறதா என்று பார்க்கலாம் என்பதே அது. அடுத்த மாதமே பிரான்சிஸ் கால்டன், முன்பே தொகுக்கப்பட்டிருந்த வாழ்நாள் பட்டியல் ஒன்றைக் கையிலெடுத்தார். வாரந்தோறும் தேவாலயங்களில் நீண்ட ஆயுள் வேண்டிப் பிரார்த்திக்கப்படும் அரச குடும்பத்தினர் 97 பேரின் சராசரி வாழ்நாள் 64.04 ஆண்டுகள், நிலவுடைமைக் குடியினருக்கு அது 70.22, தாமே நாள்தோறும் பிரார்த்திக்கும் குருமாருக்கு 69.49. காப்பீட்டு நிறுவனங்கள் விண்ணப்பதாரரின் உடல்நிலையை எத்தனையோ கேள்விகளால் துருவினாலும் அவருடைய பக்தியை விசாரிப்பதில்லையே என்றும் அவர் குத்திக் காட்டினார்.

கால்டனின் கணக்கில் ஓட்டைகள் இல்லாமல் இல்லை. அரசர்களின் உணவும் வாழ்க்கை முறையும் குருமாரின் வாழ்க்கையோடு ஒப்பிடத்தக்கவை அல்ல. தேவாலயத்தில் ஒப்புக்குச் சொல்லப்படும் வாழ்த்து உண்மையான பிரார்த்தனை ஆகுமா என்பதும் நியாயமான கேள்வி. ஆயினும் அவரும் டிண்டாலும் பிரார்த்தனையை அறிவியலின் எல்லைக்கு வெளியே தள்ளிவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கடவுளைச் சோதனைக்கு உட்படுத்தலாகாது என்று எல்லைக்கல் நட்டவர்கள் இறையியலாரே. மருத்துவமனைச் சோதனை நடைபெறவேயில்லை.

சோதிக்கலாம் என்ற அதே மனப்பான்மைதான் 1882இல் லண்டனில் உளவியல் மர்ம ஆய்வுச் சங்கம் தோன்றக் காரணமாயிற்று. அதன் முதல் தலைவர் ஹென்றி சிட்ஜ்விக், ஆங்கிலத் திருச்சபையின் கோட்பாடுகளை இனி ஏற்க இயலாது என்று 1869இல் கேம்பிரிட்ஜில் தம் பதவியைத் துறந்தவர். இயற்பியல் பேராசிரியர் வில்லியம் பாரெட் நிறுவனர்களுள் ஒருவர். ஆவிகளும் தொலைவில் எண்ணங்களை உணர்தலும் உண்மையா என்பதை நம்பிக்கையும் ஏளனமும் இன்றி ஆராய்வது அவர்களுடைய நோக்கம். அவர்களுடைய புகழ்பெற்ற விசாரணை ஒன்று நடந்த இடம் சென்னையின் அடையாறு.

1875இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட பிரம்மஞான சபை 1882இன் இறுதியில் தன் தலைமையகத்தை அடையாற்றுக்கு மாற்றிக்கொண்டது. அங்கு சபையின் நிறுவனர்களுள் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையாரின் படுக்கையறையை ஒட்டிய அறையில் சுவரோடு பொருத்தப்பட்டிருந்த மர மாடம் ஒன்றில், இமயத்துக்கு அப்பால் வாழும் மகாத்மாக்களின் கடிதங்கள் தாமே தோன்றுவதாகச் சொல்லப்பட்டது. 1884இல் பிளாவட்ஸ்கியும் மற்றொரு நிறுவனரான கர்னல் ஆல்காட்டும் ஐரோப்பா சென்றிருந்த வேளையில், இல்லத்தைக் கவனித்துவந்த கூலோம் தம்பதியர் வெளியேற்றப்பட்டனர்; அற்புதங்களை ஏற்பாடு செய்யுமாறு பிளாவட்ஸ்கி தங்களுக்கு எழுதியவை என்று கூறி அவர்கள் கொடுத்த கடிதங்களைச் சென்னை கிறித்தவக் கல்லூரியின் இதழ் அவ்வாண்டு செப்டம்பரில் வெளியிட்டது. லண்டன் சங்கத்தின் முதற்கட்ட அறிக்கையோ, அந்நிகழ்வுகளில் ஒரு பகுதியேனும் உண்மையாக இருக்கக்கூடும் என்ற சாய்விலேயே இருந்தது.

1884 டிசம்பரில் சங்கத்தின் சார்பில் ரிச்சர்ட் ஹாட்சன் சென்னைக்கு வந்து சில மாதங்கள் தங்கி விசாரித்தார். மாடம் அதற்குள் அழிக்கப்பட்டுவிட்டது. சுவரில் இருந்த திறப்பு, மாடத்தின் பின்பலகை அசையக்கூடியதாக அமைந்திருந்ததா என்பது, சாட்சிகள் கூறிய நேரங்கள், மகாத்மாக்களின் கையெழுத்துக்கும் அம்மையாரின் கையெழுத்துக்கும் இடையிலான ஒற்றுமை ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, அற்புதங்கள் மோசடி என்ற முடிவோடு நீண்ட அறிக்கை அளித்தார். 1885 டிசம்பரில் அது வெளியாயிற்று. சுவரில் திறப்பு உண்டாக்கியது அம்மையாரைச் சிக்கவைக்க முனைந்த கூலோமின் வேலை என்று சபையார் மறுத்தனர். நூறாண்டு கழித்து 1986இல், அதே சங்கத்தின் இதழில், கையெழுத்து ஆய்வில் அனுபவமுள்ள வெர்னன் ஹாரிசன், ஹாட்சனின் ஆய்வு ஒருதலைப்பட்சமானது என்று எழுதினார்.

இவ்வழக்கில் யார் பக்கம் உண்மை இருந்தாலும், ஹாட்சன் எந்த இடத்திலும் மகாத்மாக்கள் இருக்க முடியாது என்பதை முற்கோளாக வைத்துத் தொடங்கவில்லை. அவருக்கு அத்தகைய முன்முடிவு இல்லை என்பதற்கு அவருடைய பிற்கால வாழ்க்கையே சான்று: 1887இல் பாஸ்டனுக்குச் சென்ற அவர், லியனோரா பைப்பர் என்ற ஆவி ஊடகரைப் பல ஆண்டுகள் சோதித்து, இறந்தோரின் ஆவிகள் அவர் வழியே பேசுகின்றன என்று 1898இல் முடிவு கட்டினார். அந்த முடிவை அறிவியல் உலகம் ஏற்கவில்லை. ஆவிகளைப் பற்றிப் பேசவே கூடாது என்ற தடை அதற்குக் காரணமன்று; கட்டுப்பாடுகள் இறுக இறுகச் சான்றுகள் மெலிந்துபோன நெடிய அனுபவமே காரணம்.

இந்த அனுபவம் 20ஆம் நூற்றாண்டில் விதியாக உறைந்தது. முறையியல் இயற்கைவாதம் என்ற பெயரே 1980களில், அமெரிக்காவின் கிறித்தவக் கல்லூரி ஒன்றில் பணியாற்றிய பால் டி விரீஸ் என்ற மெய்யியலாளரின் கட்டுரை வழியாகப் பரவிற்று. நீதிமன்றங்களும் அதனைக் கையிலெடுத்தன. படைப்புவாதத்தைப் பரிணாமக் கொள்கைக்கு இணையாகக் கற்பிக்கப் பணித்த ஆர்கன்சா மாநிலச் சட்டத்தை 1982 ஜனவரியில் நீக்கிய நீதிபதி, இயற்கை விதியால் விளக்குவதும் சோதிக்கத்தக்கதாக இருப்பதும் அறிவியலின் இலக்கணம் என்று வகுத்தார். படைப்புவாதத்தை ஏற்காதவரான மெய்யியலாளர் லாரி லாடன் இதனைக் கடுமையாக மறுத்தார்: பூமியின் வயது சில ஆயிரம் ஆண்டுகளே என்பதும் உலகளாவிய வெள்ளம் பாறைகளை உருவாக்கியது என்பதும் சோதிக்கத்தக்க கூற்றுகள், சோதிக்கப்பட்டுத் தோற்றுப்போனவை. அவற்றைச் சோதிக்க முடியாதவை என்று சொல்வது அவை தோற்ற செய்தியை மறைப்பதாகும்.

2005 டிசம்பர் 20 அன்று பென்சில்வேனியாவின் டோவர் பள்ளி வழக்கில் நீதிபதி ஜான் ஜோன்ஸ் அளித்த 139 பக்கத் தீர்ப்பில் இந்த முரண் இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. அறிவார்ந்த வடிவமைப்பு என்னும் கொள்கை இயற்கைக்கு அப்பாற்பட்ட காரணத்தைக் கூறுவதால் அறிவியலாகாது என்று ஒருபுறமும், அதன் வாதங்கள் அறிவியலாரால் பொய்யெனக் காட்டப்பட்டுவிட்டன என்று மறுபுறமும் தீர்ப்பு கூறிற்று. நோய்த் தடுப்பு மண்டலத்தின் பரிணாமத்தைப் பற்றிய 58 ஆய்வுக் கட்டுரைகளும் ஒன்பது நூல்களும், அக்கொள்கைக்கு ஆதரவாகச் சாட்சியளித்த உயிர்வேதியியலாளர் மைக்கேல் பீஹியின் முன் வைக்கப்பட்ட குறுக்கு விசாரணை இரண்டாவது காரணத்துக்கு வலு சேர்த்தது. எல்லைக்கு வெளியே இருப்பதை எப்படிப் பொய்யாக்க முடிந்தது என்ற கேள்விக்கு முதற்காரணம் விடை தருவதில்லை. தீர்ப்பு சரியானதே, அதனைத் தாங்கியது இரண்டாம் தூண்.

அத்தீர்ப்பு வந்த நான்கு மாதத்துக்குள், டிண்டால் முன்வைத்த சோதனை வேறு வடிவில் நிறைவேறியது. ஆறு அமெரிக்க மருத்துவமனைகளில் இதய மாற்றுவழி அறுவை செய்துகொண்ட 1,802 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்த ஆய்வு 2006 ஏப்ரலில் வெளியாயிற்று. பிரார்த்தனை நடக்கிறதா என்று தெரியாமல் பிரார்த்திக்கப்பட்டோரில் 52 விழுக்காட்டினருக்கும், அவ்வாறே தெரியாமல் பிரார்த்திக்கப்படாதோரில் 51 விழுக்காட்டினருக்கும் பின்விளைவுச் சிக்கல்கள் நேர்ந்தன. தமக்காகப் பிரார்த்திக்கிறார்கள் என்று உறுதியாக அறிந்தவர்களில் 59 விழுக்காட்டினருக்கு நேர்ந்தன. குடும்பத்தினர் தாமே செய்யும் பிரார்த்தனையை யாராலும் தடுக்க இயலாது என்பதை ஆய்வாளர்கள் குறிப்பிட்டனர். கடவுள் சோதனைக்கு உரியவர் அல்லர் என்று 1872இல் இறையியலார் எழுப்பிய மறுப்பு இப்போதும் எழுந்தது. இம்முறை அதனை எழுப்பியவர்களுள் அறிவியலாரும் இருந்தனர்.