வளர்ப்புக் குடும்பக் குழந்தைகளின் கல்வி (இங்கிலாந்து)

பெற்றோருடன் வாழ முடியாத குழந்தைகளை இங்கிலாந்தில் உள்ளாட்சி மன்றம் தன் பொறுப்பில் எடுத்து, பெரும்பாலும் வளர்ப்புக் குடும்பங்களிடம் ஒப்படைக்கிறது. இது தத்தெடுப்பு அல்ல. குழந்தை பெற்றோரிடமே திரும்பலாம். வேறு வீட்டுக்கு மாற்றப்படவும் கூடும். 2024 மார்ச் நிலவரப்படி இப்படிப் பொறுப்பில் இருந்தவர்கள் 83,000 பேருக்கு மேல். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இருவர் வளர்ப்புக் குடும்பங்களில் இருந்தனர். 16 வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. தேர்வில் இவர்களுடைய சராசரி மதிப்பெண், எல்லா மாணவர்களின் சராசரியில் பாதியைக்கூட எட்டுவதில்லை.

இந்தப் பின்னடைவை நெடுங்காலம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டை இழந்த குழந்தைக்கு முதலில் அன்பும் பாதுகாப்பும் போதும், படிப்பு அப்புறம் என்று நினைத்தார்கள். அது தவறு என்று 1980களிலேயே எழுதியவர் கல்வியாளர் சோனியா ஜாக்சன். சமூகப் பணியாளரும் பள்ளியும் ஒருவரோடொருவர் பேசாததையும், இந்தப் பிள்ளைகளிடம் எதையும் எதிர்பார்க்காததையும் அவர் சுட்டிக்காட்டினார். 2004ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம், இவர்களுடைய படிப்பை உயர்த்துவதை உள்ளாட்சி மன்றத்தின் கடமையாக்கியது.

அதன் தொடர்ச்சிதான் 'மெய்நிகர் பள்ளி'. பெயரைப் பார்த்து இணைய வகுப்பு என்று நினைக்க வேண்டாம். இதற்குக் கட்டடமும் இல்லை, வகுப்பும் இல்லை. ஒரு மன்றத்தின் பொறுப்பிலுள்ள குழந்தைகள் எந்தெந்தப் பள்ளியில் படித்தாலும், எல்லோரையும் ஒரே பள்ளி மாணவர்களாகப் பாவித்து, அவர்களுடைய வருகையையும் முன்னேற்றத்தையும் ஒரு தலைமையாசிரியர் கவனிக்கும் ஏற்பாடு இது. 2007 முதல் 2009 வரை 11 மன்றங்களில் சோதித்துப் பார்த்தார்கள். 2014இல் சட்டப்படி கட்டாயமானது. குழந்தை வீடு மாறினாலும், பள்ளி மாறினாலும் இந்தத் தலைமையாசிரியர் மாறுவதில்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் தனிக் கல்வித் திட்டம் எழுதப்பட்டு, பருவத்துக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது. ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒதுக்கப்படும் சிறப்பு நிதியும் (2014இல் ஒரு குழந்தைக்கு 1,900 பவுண்டு, 2018இல் 2,300) இவர் கையில்தான் வருகிறது. தனிப்பயிற்சிக்கான செலவை இதிலிருந்து செய்யலாம்.

தனிப்பயிற்சி இங்கே மதிப்பெண்ணைக் கூட்டும் டியூஷன் மட்டுமல்ல. இரண்டு மூன்று பள்ளி மாறிய பிள்ளை, பின்னங்களை இரண்டு முறை படித்திருக்கும். வகுத்தலை ஒருமுறைகூடப் படித்திருக்காது. நாற்பது பேர் வகுப்பானாலும் இருபது பேர் வகுப்பானாலும், அந்த ஓட்டை எங்கே என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்கே தெரியும். அப்படி உட்காருபவர் வளர்ப்புப் பெற்றோராகவும் இருக்கலாம். கனடாவின் ஒன்டாரியோவில் ராபர்ட் ஃபிளின் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற வளர்ப்புப் பெற்றோரே 30 வாரம், வாரம் மூன்று மணி நேரம் சொல்லிக் கொடுத்தார்கள். அதில் அரை மணி நேரம், குழந்தை வாய்விட்டுப் படிக்க, அவர்கள் கேட்டுக்கொண்டிருப்பது. வாசித்துப் பொருள் கொள்வதிலும் கணக்கிலும் அந்தப் பிள்ளைகள் முன்னேறினார்கள்.

இங்கிலாந்தில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் ரோஸ் கிரிஃபித்ஸ் 2003இல் தொடங்கிய 'லெட்டர்பாக்ஸ் கிளப்' இன்னொரு வழி. மாதம் ஒன்றாக ஆறு பொட்டலங்கள் தபாலில் வரும். உள்ளே கதைப் புத்தகம், கணக்கு விளையாட்டு, பென்சில், நோட்டு. முகவரியில் இருப்பது குழந்தையின் பெயர். பிரிப்பதும் குழந்தைதான், வைத்துக்கொள்வதும் குழந்தைதான். பையும் துணியுமாக வீடு மாறிய பிள்ளைக்கு, தன் பெயர் எழுதிய தபால் எவ்வளவு பெரியது என்று சொல்லத் தேவையில்லை.

ஆனாலும் எந்த டியூஷனும் அடிக்கடி இடம் மாற்றுவதை ஈடுகட்டாது. ஆக்ஸ்ஃபோர்டின் ரீஸ் மையமும் பிரிஸ்டல் பல்கலைக்கழகமும் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, கடைசி இரண்டு பள்ளி ஆண்டுகளில் பள்ளி மாறியவர்கள், மாறாதவர்களைவிட மொத்தத்தில் ஐந்து கிரேடுக்கு மேல் பின்தங்கினார்கள். வளர்ப்புப் பராமரிப்பே படிப்பைக் கெடுக்கிறது என்ற பழைய எண்ணத்தையும் அந்த ஆய்வு மறுத்தது: நீண்ட காலம் பராமரிப்பில் இருந்தவர்கள், சொந்த வீட்டிலேயே இக்கட்டில் வாழ்ந்து அரசின் உதவி பெற்ற பிள்ளைகளைவிட நன்றாகவே படித்தார்கள். ஜி.சி.எஸ்.இ. ஆண்டுகளில் படிப்பைக் குலைக்கும்படி குழந்தையை வீடு மாற்ற, மன்றத்தின் பொறுப்பு அதிகாரி முன்கூட்டி ஒப்புதல் தர வேண்டும் என்று 2010ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. இந்தப் பிள்ளைகளின் படிப்புக்காக எழுதப்பட்ட விதிகளிலேயே மிக முக்கியமானது இதுதான்.