குடத்துள் இட்ட ஓலை

ஏதென்ஸ் நகரத்தின் வரலாற்றைப் படிக்கப் புகும் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. அந்நகரத்தார் செய்த அரிய காரியம் ஒன்றை நம் ஊரொன்றும் செய்திருக்கிறது. செய்ததைக் கல்லிலும் வெட்டி வைத்திருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரே அவ்வூர். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

ஏதென்ஸின் ஆட்சிமுறையை விவரிக்கும் நூலொன்று அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கிற்று. ஆயினும் அதன் பிரதி நெடுங்காலம் மறைந்திருந்தது. எகிப்தில் ஒரு பண்ணையின் வரவுசெலவுக் கணக்கு எழுதிய பாபைரஸ் சுருள்களின் பின்புறத்தில் அந்நூல் இருக்கக் கண்டு, 1891-இல் பிரிட்டிஷ் மியூசியத்தார் வெளியிட்டனர். உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரிலுள்ள சாசனங்களைச் சில ஆண்டுகளுக்குப் பின் கல்வெட்டறிஞர் வெங்கையா ஆராய்ந்து உலகறியச் செய்தார். அவை முதற் பராந்தக சோழனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921-இல் பொறிக்கப்பட்டவை.

கி.மு. 508-ஐ ஒட்டி ஏதென்ஸில் கிளைஸ்தனிஸ் என்பவர் பழைய குலப்பிரிவுகளைக் கலைத்து, மக்களைப் பத்துப் புதிய பிரிவுகளாக வகுத்தார். பிரிவுக்கு ஐம்பதின்மராக ஐந்நூற்றுவர் கொண்ட அவை அமைந்தது. பிற்காலத்தில் அதன் அங்கத்தினரைச் சீட்டுக் குலுக்கியே எடுத்தனர். பதவி ஓராண்டுக்கே; ஒருவர் தம் வாழ்நாளில் இருமுறைக்கு மேல் அமர இயலாது.

உத்தரமேரூரோ முப்பது குடும்புகளாகப் பிரிந்திருந்தது. 921-ஆம் ஆண்டுச் சாசனத்தின்படி, முப்பத்தைந்து வயதுக்கு மேல் எழுபதுக்குள் இருப்பவரும், வரி செலுத்தும் சொந்த நிலமும் தம் மனையில் வீடும் உடையவரும், வேதம் கற்றவருமான தகுதியாளரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவர். மகாசபை முழுவதும் கூடியிருக்க, நம்பிமாருள் முதியவர் குடத்தை எல்லோரும் காணத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே இருப்பதறியாத பாலன் ஒருவன் ஓலையொன்றை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையில் அதை ஏற்று உரக்க வாசிப்பான். இவ்வாறு வந்தோருள் பன்னிருவர் சம்வத்சர வாரியமும், பன்னிருவர் தோட்ட வாரியமும், அறுவர் ஏரி வாரியமும் ஆவர். பதவிக்காலம் 360 நாள்.

பொறுப்பை ஏன் குருட்டுச் சீட்டிடம் ஒப்படைத்தனர்? செல்வமும் குலச் செல்வாக்கும் ஒரு பெயரை முன்னே தள்ளும். குடத்தினுள் அவை செல்லுபடியாகா. அதற்காக இரு ஊராரும் அதிர்ஷ்டத்தை மட்டும் நம்பிவிடவில்லை. ஏதென்ஸில் பதவியேற்குமுன் தகுதி விசாரணையும், விலகியபின் கணக்குத் தணிக்கையும் உண்டு. உத்தரமேரூரிலோ, வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவன் மட்டுமன்று, அவனுடைய நெருங்கிய உறவினரும் குடத்துக்குத் தகுதியிழந்தனர். மூன்றாண்டுக்குள் வாரியத்தில் இருந்தவரும் மீண்டும் வர முடியாது.

எனினும் ஒப்புமையை மிகைப்படுத்துதல் ஆகாது. ஏதென்ஸ் போரும் சமாதானமும் தானே தீர்மானித்த தனியரசு. உத்தரமேரூர் சோழப் பேரரசின் கீழ் இருந்த பிரமதேய ஊர். அதன் விதிகள் வகுக்கப்பட்டபோது அரசனுடைய ஆணையும் அதிகாரியும் உடனிருந்தமையைச் சாசனமே கூறுகிறது.

இரண்டிலும் குடத்துக்கு வெளியே நின்றோர் மிகப் பலர். உத்தரமேரூரில் பெண்டிர்க்கும், உழுதவர்க்கும், கைவினைஞர்க்கும் அதில் ஓலையில்லை. ஏதென்ஸில் பெண்டிரும் அடிமைகளும் விலக்கப்பட்டனர். பிழைக்க வந்து குடியேறிய 'மெடிக்' எனப்படுவோர் தனி வரி செலுத்தினர், போருக்கும் சென்றனர். தலைமுறை பல கடந்தும் அவையில் அவர்க்குக் குரல் இல்லை. பெற்றோர் இருவரும் ஏதென்ஸ் குடிகளாயிருந்தாலன்றிக் குடியுரிமை இல்லையெனப் பெரிக்ளிஸ் கி.மு. 451-இல் சட்டமும் செய்தார்.

யான் வசிக்கும் பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில், தமிழகத்திலிருந்து பிழைப்பு நாடி வந்தோரின் வழியினர் பலர் வாழ்கின்றனர். ஏதென்ஸாயின் அவர்கள் மெடிக்குகள். உத்தரமேரூராயின் வேடிக்கை பார்க்கும் கூட்டம். 1950-இல் நடைமுறைக்கு வந்த நமது அரசியலமைப்பு, நிலத்தையும் குலத்தையும் கல்வியையும் கேளாமல், வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை வழங்கிற்று. வாயில் இப்போது அகலத் திறந்திருக்கிறது.

கன்னடத்தில் 'மண்டளி' என்றிருப்பதைத் தமிழில் பெயர்க்கும்போது 'வாரியம்' என்றே எழுதுகிறேன். மின்வாரியம், குடிநீர் வாரியம் என்று நாம் நாளும் வழங்கும் அச்சொல் அந்தக் கோயிற் சுவரில் ஆயிரமாண்டுக்கு முன்பே இருக்கிறது. சொல் நம்மிடம் வந்து சேர்ந்துவிட்டது. கணக்குக் காட்டாதவனுக்கு மறுமுறை பதவியில்லை என்ற அதன் நிபந்தனையும் உடன் வந்ததா என்பதை, நேயர்களே, வாக்குரிமை உடைய நாம்தாம் கேட்க வேண்டும்.