கட்டுமரமும் அஸ்தமனமும்

பார்படோஸ், செயின்ட் லூசியா, ஆன்டிகுவா போன்ற கரீபியன் தீவுகளின் மேற்குக் கரைகளிலிருந்து மாலைதோறும் பயணிகளை ஏற்றிக்கொண்டு புறப்படும் உல்லாசக் கலத்துக்குக் 'கேட்டமரான்' என்று பெயர். ஒடுங்கிய இரண்டு உடல்கள். இரண்டையும் இணைத்து மேலே ஓர் அகன்ற தளம். முன்பக்கம், கடலுக்கு மேல் படுத்துக்கொள்ள இழுத்துக் கட்டிய வலை. ஒன்றரை மணி அல்லது இரண்டு மணி நேரம். கையில் ரம் கலந்த பானம். சூரியன் விழுந்ததும் திரும்பிவிடுவார்கள்.

இந்தக் கேளிக்கைக்குப் பின்னால் இரண்டு பௌதிக உண்மைகள் இருக்கின்றன. ஒற்றை உடல் கொண்ட பாய்க்கப்பல் காற்றுக்குச் சாயும். சாயாமலிருக்க அடியில் கனத்தைச் சுமக்கும். இரண்டு உடல்களை விலக்கி வைத்துப் பிணைத்த கலம் அநேகமாகச் சாய்வதில்லை. ஆகவே கோப்பையிலிருக்கும் திரவமும் சிந்துவதில்லை. அடுத்தது காற்று. அங்கு வருஷத்தின் பெரும்பகுதியும் கிழக்கிலிருந்து வீசும் வாணிபக் காற்றுதான். தீவே அணைபோல நின்று தடுத்துவிடுவதால் மேற்குக்கரை சாந்தமாகக் கிடக்கும். அஸ்தமனம் தெரியும் திசையும் அலையடங்கிய திசையும் ஒன்றாக அமைந்துவிட்டது அத்தீவுகளின் அதிர்ஷ்டம். நம்முடைய மேற்குக்கரைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கச்சான் காற்று அடிக்கும் ஆனி ஆடி மாதங்களில் குளச்சலிலிருந்து நீரோடி வரை கடல் நேராக வந்து கரையைத்தான் அறைகிறது.

'கேட்டமரான்' நம்முடைய 'கட்டுமரம்' என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். சுருட்டு, மிளகுத்தண்ணி, கறி என்று ஆங்கிலத்துக்குத் தமிழ் தந்த 'கொடை'களை மேடையில் அடுக்கும்போது தவறாமல் சேர்க்கப்படும் சொல் இது. அகராதியில் இடம்பிடித்துவிட்ட சொல்லைக் காட்டிப் பெருமிதம் கொள்பவர்கள், அந்தச் சொல்லுக்கு உரிய பொருளை ஒருமுறையாவது தொட்டுப் பார்த்திருப்பார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. கரீபியன் கடலில் மிதக்கும் கலத்துக்கும் முட்டத்தில் மணலேறிக் கிடந்த மரத்துக்கும் உறவு பெயரளவில்தான். அமைப்பால் அதற்கு மூதாதை பாலினீசியாவின் இரட்டைத் தோணி. பெயர் இங்கிருந்து போயிற்று, பொருள் அங்கிருந்து வந்தது. இந்தப் பிணைப்பு நேர்ந்த விதம்தான் நம் கவனத்துக்குரியது.

கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் 'பெரிப்ளூஸ்' என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பில், சோழமண்டலத் துறைகளைச் சொல்லுமிடத்தில், தனி மரங்களைச் சேர்த்துப் பிணைத்த 'சங்கரா' என்ற பெரிய கலங்கள் பேசப்படுகின்றன. அதே நூலில் குமரி முனையும் வருகிறது. துறவு பூண்டவர்கள் நீராடும் இடமாக, ஒரு பெண்தெய்வம் நீராடிய இடமாக. அந்த வணிகன் கண்ணிலும் குமரி கோவிலும் குளியலுமாகத்தான் பட்டிருக்கிறது. சங்கப் பாடல்களில் மீன்பிடிப்பவனின் கலத்துக்குத் திமில் என்று பேர். அது கட்டுமரமே என்பாரும் உண்டு, அல்ல என்பாரும் உண்டு.

பெயர் ஐரோப்பியக் காகிதத்தில் ஏறியது பதினாறாம் நூற்றாண்டில். காஸ்பரோ பால்பி என்ற வெனிஸ் நகரத்து நகை வியாபாரி 1583இல் சாந்தோமில் பார்த்ததை எழுதுகிறான்: ஏழு உருண்டை மரங்களைச் சேர்த்துக் கட்டியது, ஐந்து அடித்தளம், நடுமரம் மற்றவற்றைவிட நீளம். கணக்குப் பார்க்கிறவனின் கண். 'கட்டுமரம்' அவன் காதில் 'கட்டமெரோனி' போல ஏதோவொன்றாக விழுந்திருக்கிறது. ஆங்கிலத்தில் பிரபலமாக்கியவன் வில்லியம் டாம்பியர். கரீபியன் கடலில் கொள்ளைக்காரர்களோடு திரிந்து, உலகைச் சுற்றி, 1690இல் சென்னைக் கோட்டைக்கும் வந்து போனவன். 1697இல் வெளியான அவனுடைய பயண நூலில், பெரு நாட்டுக் கரையின் மரத்தெப்பங்களைப் பேசிக்கொண்டே வந்து, இம்மாதிரி மிதவைகள் கிழக்கிந்தியாவிலும் மேற்கிந்தியாவிலும் பல இடங்களில் உண்டு, சோழமண்டலக் கரையில் இவற்றைக் கட்டுமரம் என்பார்கள் என்று சொல்லிப்போகிறான். ஒருவன் மட்டுமே ஏறக்கூடியவையும் உண்டு, அவனுடைய காலும் பிருஷ்டமும் எப்போதும் தண்ணீரில்தான் என்ற தகவலையும் சேர்க்கிறான். கரீபியனும் கட்டுமரமும் ஆங்கிலத்தில் பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது அப்போதே நடந்துவிட்டது.

டாம்பியர் கவனித்த அந்த நனைவு முக்கியமானது. கட்டுமரம் தண்ணீரை வெளியே நிறுத்தும் கலம் அல்ல. மரங்களின் இடைவெளி வழியே நீர் ஏறும், வடியும். இறைக்க வேண்டியதில்லை, ஓட்டை விழுமென்ற பயம் இல்லை. கவிழ்ந்தாலும் மூழ்காது. துறைமுகமில்லாத, அலை உடைந்து விழுகிற திறந்த மணற்கரையில் பலகைப் படகு சிதறிப்போகும் இடத்தில் இது தப்பித்துக் கரையேறும். கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகச் சுமந்து ஏற்றிக் காயப்போடுவார்கள்; ஊறிய மரம் கனக்கும். இங்கே அதற்கு உகந்தது அல்பீசியா போன்ற இலேசான மரம். 'மரம்' என்ற சொல்லையல்ல, 'கட்டு' என்ற சொல்லைத்தான் இந்தக் கலத்தின் ஜீவன் என்று சொல்லவேண்டும். ஆணி இல்லை. கயிற்றுக்கு நெகிழ்ச்சி உண்டு. அலையின் அடியை அது பங்கிட்டு வாங்கிக்கொள்ளும்.

சென்னையில் துறைமுகம் கட்டப்படும்வரை கும்பினியின் கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நின்றன. கடிதங்களை நனையாமல் கூம்புத் தொப்பிக்குள் வைத்து அலையைக் கடந்து கொண்டுபோய்ச் சேர்த்தவன் கட்டுமரக்காரன். வெள்ளைக்காரன் எழுதிய சென்னைப் பயணக் குறிப்புகளில் இவன் திரும்பத் திரும்ப வருகிறான், ஒரு விநோதப் பிராணியாக.

அதன்பிறகு அந்தச் சொல் ஆங்கிலத்தில் பட்ட பாடு ஒரு தனிக் கதை. நெப்போலியனின் படகுகளைத் தகர்க்க ராபர்ட் ஃபுல்டன் உருவாக்கிய, வெடிமருந்து அடைத்த மிதவைகளுக்கு அந்தப் பெயர் வைத்து 1804 அக்டோபரில் பூலோன் துறையில் விட்டுப் பார்த்தார்கள். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சண்டைக்காரக் கிழவியைக் 'கேட்டமரான்' என்று ஏசினார்கள். மிதக்கிற எதற்கும், மூழ்காத எதற்கும், ஏன் அடங்காத எதற்கும் அது ஒரு பெயராகிவிட்டது. 1876இல் நத்தானியேல் ஹெரஷாஃப் என்ற அமெரிக்கர் 'அமரிலிஸ்' என்ற இரட்டை உடல் பாய்ப்படகைக் கட்டி, நியூயார்க் போட்டியில் மற்றவர்களை எளிதாகப் பின்தள்ளினார். தோற்றவர்கள் ஆட்சேபித்தார்கள், இது படகே அல்ல என்று விலக்கினார்கள். அவருக்குக் காப்புரிமை கிடைத்தது 1877இல். அந்தப் புதுப் படகுக்கு ஒட்டிக்கொண்ட பெயர் கேட்டமரான். சென்னையில் துறைமுக வேலை தொடங்கி, கட்டுமரக்காரனின் கடிதத்தொப்பிக்கு அவசியமில்லாமல் போகத் தொடங்கியதும் அதே 1870களில்தான்.

இருபதாம் நூற்றாண்டில் பாலினீசியத் தோணியைத் தேடிப்போனவர்கள் அதே பெயரைத்தான் எடுத்துக்கொண்டார்கள். எரிக் தெ பிஷோப் என்ற பிரெஞ்சுக்காரர் 1937-38இல் ஹவாயிலிருந்து ஓர் இரட்டைக் கலத்தில் பிரான்சுக்கு வந்துசேர்ந்தார். 1947இல் ஹவாயில் உட்டி பிரவுன் 'மனு காய்' என்ற கலத்தைக் கட்டினார். கடற்கரையிலிருந்து பயணிகளை ஏற்றிச்செல்லும் தொழில் அதனோடு வளர்ந்தது. ஜேம்ஸ் வாரம் என்ற ஆங்கிலேயர் 1950களின் நடுவில் இருபத்துமூன்றரை அடிக் கலமொன்றில் இரண்டு பெண்களுடன் அட்லாண்டிக்கைக் கடந்து டிரினிடாட் போய்ச் சேர்ந்தார். அங்கேயே இன்னொன்றைக் கட்டி, 1959இல் வட அட்லாண்டிக் வழியே திரும்பினார். வாரம் தம்முடைய வடிவமைப்புகளில் உடல்களையும் குறுக்குச் சட்டங்களையும் போல்ட் போடாமல் கயிற்றால் கட்டினார். அலையின் விசையைக் கயிறு ஏற்றுக்கொள்ளும் என்பது அவர் பாலினீசியரிடம் கற்ற பாடம். சொல்லின் முதற்பாதிக்கு அர்த்தம் அட்லாண்டிக்கில் இப்படித் திரும்பக் கிடைத்திருக்கிறது, தமிழ் தெரியாத ஒருவர் கையால். உல்லாசக் கம்பெனிகளின் ஃபைபர் கிளாஸ் கலத்தில் இதுவும் கிடையாது.

சென்னை மாகாணத்தின் மீன்வளத்துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் எழுதிய நீண்ட ஆய்வில், தென்னிந்தியக் கரையோர மக்களின் படகுகளில் பாலினீசியத் தொடர்பைக் கண்டார். அவருடைய இனவாதக் காலத்துக் கலப்புக் கொள்கைகளை இன்று அப்படியே ஏற்க முடியாது. ஆனால் ஒவ்வொரு துறையிலும் இறங்கி, எத்தனை மரம், எந்தக் கட்டு, பாயின் வெட்டு எப்படி என்று குறித்துவைத்திருக்கிறாரே, அதைச் செய்ய ஒரு வெள்ளைக்கார அதிகாரி வேண்டியிருந்தது. திருக்குறளுக்கு உரை எழுதிக் குவித்த நம் பண்டித மரபுக்குத் தன் கரையிலிருந்த கலத்தின் பாகங்களைப் பெயர்சொல்லி எண்ணத் தோன்றவில்லை.

சொல் மட்டும்தான் கரீபியன் போயிற்றா? 1853 மே மாதம் 'ஒரேலி' என்ற கப்பல் பிரெஞ்சிந்தியாவிலிருந்து மார்த்தினிக் தீவுக்கு முதல் தொகுதி ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் குவாதலூப்புக்கு. அடிமைமுறை 1848இல் ஒழிந்ததும் கரும்புக்காட்டுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து 1880களின் இறுதிவரை போனவர்களில் பெரும்பாலோர் தமிழர். குவாதலூப்புக்கு மட்டும் நாற்பதாயிரத்துக்கு மேல். கப்பல் கரையணையாத அந்தத் துறைகளில் கடலோரத்துப் படகுக்காரன்தான் அவர்களை அலை கடத்தி ஏற்றிவிட்டிருக்கிறான். பிள்ளைகளுக்குக் குடியுரிமை கேட்டு ஆங்ரி சிதம்பரம் 1904இல் தொடங்கிய வழக்கு தீர 1923 ஆயிற்று. அஸ்தமனப் பயணத்தில் ஊற்றித் தரப்படும் ரம் அந்தக் கரும்பின் சாறு. கலத்தின் பெயரும் கோப்பையின் திரவமும், இரண்டிலும் தமிழன் கைபட்டிருக்கிறது. அகராதிப் பெருமிதக்காரர்கள் இந்த இரண்டாவது கொடையைப் பட்டியலில் சேர்ப்பதில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். நாஞ்சில் என்றால் கலப்பை. கறாராகச் சொன்னால் தோவாளை, அகஸ்தீஸ்வரம் இரண்டு தாலுகாக்கள்தான் நாஞ்சில்நாடு. குளமும் வயலும் நெல்லும். ஆனால் அகஸ்தீஸ்வரத்துக்கும் கடல் உண்டு. மணக்குடியும் பள்ளமும் நாகர்கோவிலிலிருந்து எட்டாத தூரத்திலா இருக்கின்றன? 1544இல் சேவியர் இந்தக் கரையோரமாக நடந்து ஒரே மாதத்தில் பத்தாயிரம் முக்குவரை ஞானஸ்நானம் செய்ததாகக் கடிதம் எழுதினார். அன்றிலிருந்தே கடற்புரத்துக்கு வேறு மதம், வேறு கோவில், வேறு நாட்காட்டி. மீன் மட்டும் கூடையிலேறி உள்நாட்டுக்கு வந்தது.

இலக்கியத்தில் இந்தப் பிளவு துல்லியமாகப் பதிந்திருக்கிறது. கவிமணியின் மருமக்கள்வழி மான்மியம் வேளாளர் வீட்டுக்குள் நிகழ்வது. நீல பத்மநாபனின் 'தலைமுறைகள்' (1968) இரணியலில். 'ஒரு புளியமரத்தின் கதை' (1966) நாகர்கோவில் நாற்சந்தியில். நாஞ்சில் நாடனின் 'தலைகீழ் விகிதங்கள்' (1977) வயலும் வீடும் சாதிக் கணக்கும். நவீனத் தமிழ் உரைநடைக்கு இந்த ஜில்லா தந்த அளவுக்கு வேறெந்தப் பகுதி தந்திருக்கிறது என்று நாம் பேசிக்கொள்கிறோம், பேசலாம். ஆனால் முதல் தலைமுறையின் பெரிய ஆக்கங்களில் ஒருவனும் மரம் இறக்கிக் கடலுக்குப் போகவில்லை. நாகர்கோவிலுக்குக் கடல் வந்தது 1962இல், தகழியின் 'செம்மீன்' சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் வெளியானபோது. அதாவது மலையாளத்திலிருந்து, ஆலப்புழைப் பக்கத்துக் கரையிலிருந்து. பக்கத்திலிருந்த கடல் அவ்வளவு சுற்றிக்கொண்டு வரவேண்டியிருந்தது. பிறகு வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977), வல்லத்தை விற்க மனமில்லாத ஒரு கிழவனோடு. அது மணப்பாட்டுக் கரை, எழுதியவர் திருநெல்வேலிக்காரர். 1988இல் தோப்பில் முகமது மீரான் தேங்காய்ப்பட்டணத்தை எழுதினார். கட்டுமரத்தில் ஏறி, அலையைத் தாண்டி, உயிரும் மரணமுமாக நடுக்கடலில் நிற்கும் நாவல் 2004இல்தான் வந்தது: ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு'. கரையில் பிறந்தவரே எழுதவேண்டியிருந்தது. அதுவும் உவரிப் பக்கத்துக் கரை.

அப்படியானால் கடலை நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? அஸ்தமனம் பார்த்துக்கொண்டிருந்தோம். குமரி முனையில் ஒரே இடத்தில் நின்று உதயமும் அஸ்தமனமும் பார்க்கலாம் என்பது விளம்பர வாசகம். சில மாதங்களில்தான் சூரியன் கடலில் விழும், மற்ற நாட்களில் நிலத்துக்குப் பின்னால் போய்விடும். சித்ரா பௌர்ணமியன்று ஒருபுறம் அஸ்தமனமும் மறுபுறம் சந்திரோதயமும். 1970இல் விவேகானந்தர் பாறை, 2000இல் வள்ளுவர் சிலை, 2024 கடைசியில் இரண்டையும் இணைத்த கண்ணாடிப் பாலம். எல்லாவற்றிலும் மேற்கு நோக்கித் திரும்பிய முகங்கள். எத்தனை கவிதைகளில் இந்தச் சூரியன் குருதி சிந்திச் செத்திருக்கிறான் என்று எண்ணினால் நம் சிற்றிதழ்களுக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும். கரீபியன் தளத்தில் கோப்பையோடு நிற்பவனுக்கும் நமக்கும் இவ்விஷயத்தில் பார்வையில் பெரிய வித்தியாசம் இல்லை.

கட்டுமரக்காரனுக்கு அஸ்தமனம் காட்சியல்ல. இரவு வலைக்குப் போகிறவனுக்கு அது வேலை தொடங்கும் நேரம். கடலிலிருக்கும்போது அவன் முதுகு சூரியனுக்கு, முகம் கரைக்கு. கோவில் கோபுரம் எந்த மலையுச்சிக்கு நேராக நிற்கிறது, இன்னொரு மலை எந்தத் தென்னங்கூட்டத்துக்கு மேல் தெரிகிறது என்று இரண்டு கோடுகளைக் கண்ணால் இழுத்து, அவை வெட்டுமிடத்தில் கடலடிப் பாரைக் கண்டுபிடிப்பது அவன் கணக்கு. வெளிச்சம் போகப்போகக் கோடுகள் அழியும்; அதன்பிறகு நட்சத்திரமும் நீரோட்டமும் காற்றும். மருத்துவாமலையும் மகேந்திரகிரியும் அவனுக்கு அளவுகோல்கள். உள்நாட்டானுக்குக் கடல் அழகாகத் தெரிவதுபோல, கடலிலிருப்பவனுக்கு நிலம் பயனுள்ளதாகத் தெரிகிறது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி வந்தபோது தூத்தூர்ப் பகுதியின் ஆழ்கடல்காரர்களில் பலர் கரையின் எந்தக் கோடும் எட்டாத தொலைவில் இருந்தார்கள்.

1980களின் தொடக்கத்தில் முட்டத்தில் பியர் கில்லே என்ற பெல்ஜியக்காரர் மீனவர் சங்கங்களோடு சேர்ந்து ஒட்டுப்பலகைப் படகுகளைக் கட்டத் தொடங்கினார். பருத்த மரம் கிடைப்பது அரிதாகி விலையும் ஏறிவிட்டிருந்தது. ஒருபக்கம் இழுவைப் படகுகள் கரைக்கடலைத் துடைத்துக்கொண்டிருந்தன. கட்டுமரக்காரனுக்கும் விசைப்படகுக்காரனுக்கும் கடலிலேயே அடிதடி. சிறியது கடினம் என்று பொருள்படும் தலைப்பில் 1985இல் தம் அனுபவத்தை கில்லே புத்தகமாக்கினார். எத்தனை மாதிரிகள் அலையில் தோற்றன, மீனவன் எதை மறுத்தான், ஏன் மறுத்தான் என்ற விவரங்கள் அதில் உண்டு. இங்கே வாசிக்கப்பட்டிருக்க வேண்டிய புத்தகம்.

பிறகு வெளிப்பொருத்து எஞ்சின் வந்தது, மண்ணெண்ணெய் வந்தது, ஃபைபர் வந்தது. ஃபைபரில் வார்த்த, உள்ளே காற்றும் நுரையும் அடைத்த, கட்டுமரத்தின் வடிவை ஏறக்குறைய ஒத்த கலங்கள் இன்று கரையில் கிடக்கின்றன. அவற்றில் கட்டும் இல்லை, மரமும் இல்லை. ஃபைபர் கட்டுமரம் என்றுதான் சொல்கிறார்கள். கடலுக்குப் புறப்படுகையில் வெறுமே மரம். அவிழ்த்துக் காயப்போட வேண்டியதில்லை என்பதால் அவற்றை அப்படியே மணலில் இழுத்துப் போட்டுவிட்டு, எஞ்சினை மட்டும் கழற்றித் தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள்.