ஆயுதக் கிடங்கில் பிறந்த அணி

நியூயார்க் மாநிலத்தின் தலைநகரம் ஆல்பனி. ஹட்சன் ஆற்றங்கரையில், நியூயார்க் மாநகருக்கு வடக்கே ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஆட்சி நடப்பது இங்கே. ஆட்டம் நடப்பது தெற்கே மாநகரில். கூடைப்பந்து பார்க்க வேண்டுமென்றால் ஆல்பனிக்காரர்களுக்கு அந்த மாநகரின் நிக்ஸ் அணிதான் கதியாக இருந்தது. 1982-இல் ஆல்பனி கவுண்டியின் தலைமை நிர்வாகியாக இருந்த ஜிம் காயின் இதை மாற்ற நினைத்தார். அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் ஓர் அணியை வாங்கும் வசதி அந்த ஊருக்கு இல்லை. எட்டும் தூரத்தில் இருந்தது அதற்கு அடுத்த படி: சி.பி.ஏ. என்கிற கான்டினென்டல் கூடைப்பந்துக் கழகம்.

சி.பி.ஏ.வுக்கு என்.பி.ஏ.வைவிடச் சில வாரங்கள் வயது அதிகம். 1946 ஏப்ரலில் கிழக்குப் பென்சில்வேனியா லீக் என்ற பெயரில் அது தொடங்கியது. பின்னாளில் என்.பி.ஏ. ஆன அமைப்பு தொடங்கியது அதே ஆண்டு ஜூன் மாதம். கிழக்குப் பென்சில்வேனியா லீக்கில் நிலக்கரிச் சுரங்க ஊர்களில் வாரக் கடைசியில் ஆட்டம். மற்ற நாட்களில் ஆட்டக்காரர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். 1977-இல் தொலைதூர அலாஸ்காவின் ஆங்கரேஜ் அணியும் சேர்ந்துகொள்ள, அடுத்த ஆண்டே லீக் தன் பெயரைக் கான்டினென்டல் என்று விரித்துக்கொண்டது.

சிறிய லீக் என்பதால் புதியதைச் செய்து பார்க்கும் துணிச்சல் அதற்கு இருந்தது. மூன்று புள்ளிக் கோட்டை இந்த லீக் 1960-களிலேயே போட்டுவிட்டது, என்.பி.ஏ. போட்டது 1979-இல். தரவரிசைப் புள்ளி கொடுப்பதிலும் தனி வழி. ஆட்டத்தை வென்றால் 3 புள்ளி. அதோடு நான்கு குவார்ட்டர்களில் ஒவ்வொன்றையும் யார் வெல்கிறார்களோ அவர்களுக்குத் தலா 1 புள்ளி. ஆக, ஓர் ஆட்டத்துக்கு மொத்தம் 7. இருபது புள்ளி பின்தங்கிய அணியும் கடைசிக் குவார்ட்டரை வென்று ஏதாவது எடுத்துக்கொண்டு போகலாம். தோற்கப்போகும் ஆட்டத்தையும் கடைசி நிமிடம்வரை ஆட வைத்தது இந்தக் கணக்கு.

1982-83 பருவத்தில் இந்த லீக்கில் ஆல்பனி இடம்பிடித்தது. அந்த வட்டாரத்தில் முன்பு டச்சுக்காரர்களின் குடியேற்றம் இருந்தபோது நிலம் ஆண்ட பெருநிலக்கிழார்களின் பட்டத்தை எடுத்து அணிக்கு 'பட்ரூன்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். ஆடுகளமாகக் கிடைத்தது வாஷிங்டன் அவென்யூவில் இருக்கும் ஆர்மரி. 1891-இல் செங்கல்லால் கோட்டைபோல் எழுப்பிய கட்டடம் அது. படைவீரர்கள் அணிவகுத்துப் பழகவும் ஆயுதம் வைக்கவும் கட்டியது. சில ஆயிரம் பேருக்குத்தான் இடம். ரசிகர்கள் ஆடுகளத்தின் எல்லைக் கோட்டை ஒட்டி உட்கார்ந்தார்கள்.

முதல் பயிற்சியாளர் டீன் மெமிங்கர். 1973-இல் என்.பி.ஏ. பட்டம் வென்ற நிக்ஸ் அணியில் ஆடியவர். தொடக்கம் சரியாக அமையவில்லை. பருவத்தின் நடுவிலேயே அவர் விலக்கப்பட்டார். 1983 ஜனவரியில் அவர் இடத்துக்கு வந்தவரும் அதே நிக்ஸ் அணியைச் சேர்ந்தவர்தான். பெயர் ஃபில் ஜாக்சன். 1980-இல் ஆட்டத்தை நிறுத்தியிருந்தார். எந்தத் தொழில்முறை அணிக்கும் அதுவரை அவர் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை. வுட்ஸ்டாக்கில் குடியிருந்துகொண்டு ஆல்பனிக்கு வந்து போனார்.

பட்ரூன்ஸ் உண்மையில் பிறந்தது அதற்குப் பிறகு என்றே நான் சொல்வேன்.

இந்த லீக்கில் ஆடியவர்கள் யார் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். என்.பி.ஏ. அணிகளின் பயிற்சி முகாம்களில் கடைசி நாளில் பெயர் அடிக்கப்பட்டவர்கள். 'இன்னொரு வாய்ப்பு' என்ற நம்பிக்கையில் வந்தவர்கள். மேலே இருக்கும் அணியில் யாராவது காயம்பட்டால் பத்து நாள் ஒப்பந்தத்துக்கு அழைப்பு வரும். அந்த அழைப்பு வர வேண்டுமானால் தன் பெயருக்கு நேரே புள்ளி எண்ணிக்கை ஏற வேண்டும். அப்படியிருக்க, பந்தைப் பக்கத்தில் இருப்பவனுக்கு யார் கொடுப்பார்கள்? திறமைக் குறைவைவிட இந்தப் பயம்தான் கீழ்நிலை லீக் அணிகளின் பெரிய நோய்.

ஜாக்சன் அந்தப் பயத்தின் வேரிலேயே கைவைத்தார். பின்னாளில் தன் நூல்களில் அவரே விவரித்த ஏற்பாடு இது. அணியில் பத்துப் பேர். எல்லோருக்கும் ஒரே சம்பளம், வாரத்துக்கு 330 டாலர். பத்துப் பேரையும் ஐந்து ஐந்தாகப் பிரித்து, எட்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஐவரையும் மொத்தமாக மாற்றினார். கடைசி எட்டு நிமிடத்துக்கு மட்டும் அன்று யாருக்குக் கை கூடி வருகிறதோ அந்த ஐவர். உட்கார்ந்திருப்பவனுக்குத் தன் முறை எப்போது வரும் என்று தெரியும். ஆடுகிறவனுக்கு ஒரு தவறு செய்தால் வெளியே இழுத்துவிடுவார்களோ என்ற நடுக்கம் இல்லை. பந்து கைமாறத் தொடங்கியது.

பணம் குறைவு, வேலை மிகுதி. உதவிக்கு எழுத்தாளர் சார்லி ரோசன் இருந்தார். பனிக்காலச் சாலைகளில் ஆட்டக்காரர்களை வேனில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள்; வேனை ஓட்டியவர் பெரும்பாலும் பயிற்சியாளரேதான். அந்த நீண்ட பயணங்களில் யாருக்கு வீட்டில் என்ன கவலை, யார் யாரோடு ஒத்துப்போவதில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். ஒரு பெரிய அணியின் பயிற்சியாளருக்கு அது கிடைக்காது.

முழுப் பருவம் கையில் கிடைத்த முதல் ஆண்டிலேயே பலன் தெரிந்தது. 1984-இல் இறுதிச் சுற்றில் வயோமிங் அணியை வென்று பட்ரூன்ஸ் பட்டம் வாங்கியது. 1985-இல் லீக்கின் சிறந்த பயிற்சியாளர் விருது ஜாக்சனுக்கு. ஆனாலும் என்.பி.ஏ. கதவு திறக்கவில்லை. 1987-இல் ஆல்பனியை விட்டு விலகியபோது வேறு தொழிலுக்குப் போகலாமா என்றே யோசித்தார். அந்த அக்டோபரில் சிகாகோ புல்ஸ் அணி உதவிப் பயிற்சியாளராக அழைத்தது. சிகாகோவில் ஆறு, லாஸ் ஏஞ்சலஸில் ஐந்து என்று என்.பி.ஏ. வரலாற்றிலேயே அதிகமாக, 11 பட்டங்கள் வென்ற பயிற்சியாளராக அவர் ஓய்வு பெற்றார். புல்ஸின் நட்சத்திரம் மைக்கேல் ஜோர்டானிடம் பந்தைப் பகிர்ந்துகொள்ளச் சொல்லும் தைரியம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், வாரம் 330 டாலர் வாங்கிய பத்துப் பேரிடமிருந்து என்பதே என் பதில்.

ஜாக்சன் போன பிறகும் ஆர்மரியில் கூட்டம் குறையவில்லை. அடுத்து வந்த பில் மஸ்ஸல்மன் 1987-88 பருவத்தில் 54 ஆட்டங்களில் 48-ஐ வென்று, மீண்டும் வயோமிங்கைத் தோற்கடித்து இரண்டாவது பட்டத்தைக் கொண்டுவந்தார். போதைப்பொருள் பழக்கத்தால் 1986-இல் என்.பி.ஏ.விலிருந்து விலக்கப்பட்ட மைக்கேல் ரே ரிச்சர்ட்சன் அந்த அணியில் ஆடினார். மறுபடி ஆடுகளத்தில் நிற்க அவருக்கு இடம் கொடுத்தது ஆல்பனி. மஸ்ஸல்மன் 1989-இல் மின்னசோட்டா டிம்பர்வுல்வ்ஸின் முதல் பயிற்சியாளர் ஆனார். ஆல்பனியில் தன்னிடம் ஆடிய டோனி கேம்பெல், சிட்னி லோ போன்றவர்களையும் அங்கே சேர்த்துக்கொண்டார்.

1990-91 பருவம் இன்னும் ஒரு படி மேலே. ஜார்ஜ் கார்ல் பயிற்சியில் 56 ஆட்டங்களில் 50 வெற்றி. சொந்த ஊரில் ஆடிய 28 ஆட்டங்களிலும் தோல்வியே இல்லை. கோப்பை மட்டும் கைக்கு வரவில்லை. அந்த ஆண்டு பட்டம் விசிட்டா ஃபால்ஸ் அணிக்குப் போனது. ஆனால் அணியின் வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. 1985-இல் என்.பி.ஏ. அணிகள் புதிய ஆட்டக்காரர்களை எடுக்கும் தேர்வில் ஏழாவது சுற்றில் 160-ஆவது ஆளாக எடுக்கப்பட்டு, என்.பி.ஏ.வில் இடம் கிடைக்காமல் வெளிநாடுகளில் ஆடித் திரிந்த மாரியோ எலி, ஆல்பனியிலிருந்துதான் என்.பி.ஏ.வுக்குப் போனார். ஹூஸ்டனோடு இரண்டு, சான் அன்டோனியோவோடு ஒன்று என மூன்று பட்டங்கள் வென்றார். கார்லும் 1992 ஜனவரியில் சியாட்டில் அணிக்குப் பயிற்சியாளரானார்.

இத்தனை பேரை மேலே அனுப்பிய அணிக்குத் தன் கணக்கு நேராகவில்லை. 1990-இல் ஆல்பனியில் நிக்கர்பாக்கர் அரங்கம் திறந்தது. பட்ரூன்ஸும் அங்கே மாறியது. சிறிய அணிக்குப் பெரிய வீடு பொருந்தவில்லை. 1992-இல் பெயர் மாறியது. 1993-இல் அணியே ஹார்ட்ஃபோர்டுக்குப் போய், இரண்டு ஆண்டில் மறைந்தது. லீக்குக்கும் நல்ல காலம் நீடிக்கவில்லை. 1999-இல் முன்னாள் ஆட்டக்காரர் ஐசையா தாமஸ் சி.பி.ஏ.வை மொத்தமாக வாங்கினார். 2001-இன் தொடக்கத்தில் அது பருவத்தின் நடுவிலேயே நின்றது. அதே ஆண்டு என்.பி.ஏ. தனக்கென்று ஒரு வளர்ப்பு லீக்கைத் தொடங்கிவிட்டது. இன்றைய ஜி லீக் அதுதான்.

மறுபடி உயிர்பெற்ற சி.பி.ஏ.வில் 2005-இல் பட்ரூன்ஸ் திரும்ப வந்தபோது பயிற்சியாளராக நின்றவர் அதே ரிச்சர்ட்சன். சில ஆண்டுகளில் அந்த முயற்சியும் முடிந்தது. 2018-இல் இன்னொரு சிறிய லீக்கில் பட்ரூன்ஸ் மீண்டும் எழுந்தது. பயிற்சிப் பொறுப்பை ஏற்றவர் டெரிக் ரோலண்ட். ஜாக்சனின் பழைய அணியில் ஆடியவர். என்.பி.ஏ.வில் அவர் ஆடியது 1985-86 பருவத்தில், மில்வாக்கி அணிக்காக, இரண்டே ஆட்டங்கள். 2019-இல் டி.பி.எல். எனப்படும் அந்த லீக்கின் பட்டத்தை அவருடைய பட்ரூன்ஸ் வென்றது.

கீழ்நிலை லீக் அணியை மேலே ஏறுவதற்கான ஏணி என்று சொல்வது வழக்கம். அப்படிப் பார்த்தால் மதிப்பு ஏறிப்போனவர்களுக்கு மட்டும்தான். ரோலண்டின் வாழ்க்கை இரண்டு ஆட்டத்தில் முடிந்துபோன கணக்காகிவிடும். ஆல்பனியில் அப்படி யாரும் கணக்குப் போடவில்லை. அந்த ஊருக்கு ஜாக்சன் எவ்வளவு முக்கியமோ, ரோலண்டும் அவ்வளவு முக்கியம். இவர்தான் இருந்து, கற்றதை அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தவர். ஓர் அணி ஊருக்குச் சொந்தமாவது அப்படித்தான்.