வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம்

மதுரை மாநகரின் கிழக்கே, வைகையின் தென்கரையை அடுத்து அமைந்துள்ள, ஏறத்தாழச் சதுர வடிவக் குளம். தமிழகத்தின் பெரிய கோயில் குளங்களுள் ஒன்று. வடகரையில் மாரியம்மன் கோயில் இருப்பதால் இப்பெயர் பெற்றது. வைகைக்கு வடக்கேயுள்ள வண்டியூர்க் கண்மாய் வேறு. அது பாசன ஏரி.

தோற்றம்: திருமலை நாயக்கர் (ஆட்சி 1623–1659) 1645இல் இக்குளத்தை அமைத்தார். தம் அரண்மனையான மகாலைக் கட்டச் செங்கல்லுக்காக மண் எடுத்த பள்ளமே குளமாயிற்று என்பர். அப்போது மண்ணுக்குள் கிடைத்தவரே மீனாட்சியம்மன் கோயிலின் முக்குறுணிப் பிள்ளையார் என்பது மரபு. விநாயகர் சதுர்த்தியன்று அவருக்கு முக்குறுணி, அதாவது 18 படி அரிசியில் கொழுக்கட்டை படைக்கிறார்கள்.

அமைப்பு: குளம் ஏறத்தாழ 1,000 அடி நீளமும் 950 அடி அகலமும் கொண்டது. சுற்றிலும் கருங்கல் படித்துறைகள். நடுவே விநாயகர் சன்னிதியுடன் மைய மண்டபம். வைகை நீர் கால்வாய் வழியே குளத்துக்கு வரும்படி அமைக்கப்பட்டது.

தெப்பத் திருவிழா: தை மாதப் பௌர்ணமியை ஒட்டி, பூச நட்சத்திரத்தில் நடப்பது. பூசம் திருமலை நாயக்கரின் பிறந்த நட்சத்திரம் என்பர். அதற்கு முதல்நாள் அருகிலுள்ள சிந்தாமணியில் கதிரறுப்புத் திருவிழா. அறுவடைக் காலத்து வயல்வெளி மக்களின் விழாவும் தெப்பமும் இப்படி அடுத்தடுத்து வருகின்றன. மறுநாள் மீனாட்சியும் சுந்தரேசுவரரும் தெப்பமேறுகின்றனர். கரையில் நிற்பவர்கள் வடம் பிடித்து இழுக்க, தெப்பம் மைய மண்டபத்தைச் சுற்றி மெல்ல நகரும். இரவில் விளக்குகளின் ஒளி நீரில் விழ, படிக்கட்டெங்கும் மக்கள் நெருக்கியடித்து நிற்பார்கள்.

வறட்சியும் மீட்பும்: வைகையில் நீர்வரத்து குறைந்து கால்வாய் தூர்ந்துபோனதும் குளம் வறண்டது. சிறுவர்கள் அதில் கிரிக்கெட் ஆடினார்கள். நீரில்லாத ஆண்டுகளில் தெப்பம் நகராமல், நின்ற இடத்திலேயே நிலைத்தெப்பமாக விழா நடந்தது. குறை குளத்தில் இல்லை. கரைகளும் படிகளும் அப்படியேதான் இருந்தன. வரத்துக்கால்தான் செத்திருந்தது. 2019–20 காலத்தில் குளத்துக்கு நீர் கொண்டுவரும் பனையூர்க் கால்வாய் சீரமைக்கப்பட்டு வைகை நீர் வந்து சேர்ந்தது. தெப்பம் மீண்டும் மிதந்தது. படகு சவாரியும் தொடங்கியது.

இன்று: தியாகராசர் கல்லூரி (1949) உள்ளிட்ட நிறுவனங்கள் சூழ, குளக்கரை நகரின் மாலை நேரக் கூடுமிடமாக விளங்குகிறது. சுற்றுச்சுவரில் அமர்ந்து காற்று வாங்கும் உள்ளூர்க்காரர்களோடு சுற்றுலாப் பயணிகளும் வந்து சேர்கிறார்கள். குளத்தைக் காப்பது என்பது முதலில் அதன் கால்வாயைத் தூர்வாரிக் காப்பதே. அடுத்த தை மாதம் வடம் பிடிக்க வருபவர்களுக்கு மதுரை செய்ய வேண்டிய கடமை அது.