செங்கற்பட்டுச் சோதனை சொன்னதும் சொல்லாததும்

கல்பாக்கம் என்றால் அணுமின் நிலையம், மாமல்லபுரம் என்றால் கற்கோயில் என்று நாம் பழகிவிட்டோம். ஆனால் காசநோயைப் பற்றிக் கற்கும் அயல்நாட்டு மருத்துவ மாணவனுக்குச் செங்கற்பட்டு என்ற சொல் வேறொன்றை நினைவூட்டும். 1968ஆம் ஆண்டு தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை இம்மாவட்டத்தின் பெயராலேயே உலக மருத்துவ நூல்களில் வழங்கிவருகிறது. அது நடந்த திருவள்ளூர்ப் பகுதி இன்று தனி மாவட்டமாயினும், அக்காலத்தில் நம் கடற்கரையோடு சேர்ந்து ஒரே செங்கற்பட்டு மாவட்டமாகவே இருந்தது. அச்சோதனை என்ன சொன்னது, என்ன சொல்லவில்லை என்பதை நம் இல்லங்கள் அறிந்திருத்தல் நலம்.

பிரான்சு நாட்டு அறிஞர்களான கால்மெட், கெரான் இருவரும் 1908 முதல் 13 ஆண்டுகள் ஒரு கிருமியை 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து, அதன் நச்சுத்தன்மையைக் குறைத்து உருவாக்கியதே பி.சி.ஜி. மருந்து. 1921இல் அது முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது. 1948இல் நம் நாட்டிலும் அதன் பணி தொடங்கிற்று. கிண்டியில் மருந்து தயாரிக்கும் கூடமும் அமைந்தது. எதிர்ப்பும் உடன் எழுந்தது. மூதறிஞர் ராஜாஜியே 1955இல் இத்தடுப்பூசியை எதிர்த்து நூல் எழுதினார். மருத்துவ உலகிலும் ஒருமித்த கருத்து இல்லை. இங்கிலாந்துப் பள்ளி மாணவரிடையே மிகுந்த பயன் தந்த மருந்து, அமெரிக்காவின் தென் மாநிலங்களில் சொற்பப் பயனே தந்தது. நம் மண்ணில் எது உண்மை? அதை அறியவே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலகச் சுகாதார நிறுவனம் முதலியவற்றின் துணையோடு களத்தில் இறங்கியது.

3,66,625 பேரின் பெயர்கள் பதிவாயின. 2,81,161 பேருக்கு ஊசி போடப்பட்டது. சிலருக்கு மருந்து, சிலருக்கு மருந்தில்லாத வெறும் நீர்மம். யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. இது ஏமாற்று வேலையாகத் தோன்றலாம். ஆயின் மருந்து பலிக்கவேண்டும் என்று விரும்பும் மருத்துவரின் கண், பலித்ததாகவே காணும். அந்த விருப்பத்திற்குத் திரையிடவே இந்த ஏற்பாடு. பிறகு இரண்டரை ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் ஊராகச் சென்று சளியைச் சோதித்தனர். பதினைந்து ஆண்டுகள்! அத்தனை காலம் பொறுமையோடு ஒத்துழைத்த அக்கிராமத்து மக்களை எந்த வரலாற்று நூலும் பெயர் சொல்லிப் போற்றவில்லை.

ஏழரை ஆண்டுக் கணக்கு 1979இல் வெளியாயிற்று. வயது வந்தோரிடம் காணும் நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை என்பதே அதன் முடிவு. உலகம் திடுக்கிட்டது. 1999இல் வெளியான பதினைந்தாண்டு அறிக்கையும் அதையே உறுதி செய்தது. வெப்ப நாட்டு மண்ணிலும் நீரிலும் வாழும் வேறு கிருமிகள் நம் உடலுக்கு முன்னரே ஓரளவு பழக்கம் தந்துவிடுவதால் ஊசியின் பயன் மேலும் தெரிவதில்லை என்பது பல அறிஞர் கூறும் விளக்கம்.

இங்கேதான் இடர் தொடங்குகிறது. "பி.சி.ஜி. பயனற்றது" என்று இம்முடிவைச் சுருக்கிவிடுவோர் இன்றும் உளர். சோதனை தேடியது சளியில் கிருமி காணும் நுரையீரல் நோயை. பச்சிளங் குழந்தைகளின் மூளை உறையைத் தாக்கும் காசநோயையும், உடலெங்கும் பரவும் காசநோயையும் ஊசி தடுக்குமா என்று அறிய அச்சோதனை வகுக்கப்படவில்லை. அதற்கு வேறு ஆய்வுகள் உண்டு. அவை தடுக்கிறது என்றே காட்டின. ஆதலால்தான் செங்கற்பட்டு முடிவைக் கண்ட பின்னரும், 1980இல் கூடிய உலகச் சுகாதார நிறுவன வல்லுநர் குழு குழந்தைகளுக்கு ஊசியைத் தொடரச் சொன்னது. திட்டம் வகுக்கும் அதிகாரிக்கு, "இந்த ஊசியை மட்டும் நம்பி ஊரில் நோய் பரவுவதை நிறுத்த முடியாது" என்று சொல்லவேண்டும். தாய்க்கு, "உன் குழந்தையைக் கொடிய வகையிலிருந்து இது காக்கும்" என்று சொல்லவேண்டும். இரண்டும் உண்மை. முதலாமவருக்கு உரியதைத் தாயிடம் சொன்னால் குழந்தைக்குக் கேடு. தாய்க்கு உரியதை அதிகாரியிடம் சொன்னால் ஊருக்குக் கேடு.

கேட்போர் தரமறிந்து மருத்துவத்தைச் சொல்லும் கலை நம் முன்னோர்க்குப் புதிதன்று. ரய் நகரத்து அர்-ராஸி (கி.பி. 865–925) தமக்கென எழுதிவைத்த மருத்துவக் குறிப்புகளே பின்னர் 'அல்-ஹாவி' என்ற பெருந்தொகுப்பாயின. மருத்துவரை அணுக இயலாதவர்க்கென்றே 'மன் லா யஹ்ளுருஹுத் தபீப்' என்று தனி நூல் செய்தார். இப்னு சீனாவும் 'கானூன்' எழுதியதோடு நில்லாமல், மாணவர் மனனம் செய்ய மருத்துவத்தைச் செய்யுளாக்கினார். ஒப்பிட்டறியும் முறையும் அர்-ராஸியிடம் உண்டு: மூளைக் காய்ச்சலின் அறிகுறி கண்ட ஒரு கூட்டத்தாருக்குக் குருதி வடித்தார், மற்றொரு கூட்டத்தாரை வேண்டுமென்றே விட்டுவைத்தார். குருதி வடித்தல் பயன் தரும் என்ற அவர் முடிவை இன்றைய மருத்துவம் ஏற்காது. கேள்வி கேட்ட முறையை ஏற்கும்.

எண்களைச் சொல்வதிலும் எச்சரிக்கை வேண்டும். ஒரு மருந்து நோயை 25 விழுக்காடு குறைக்கும் என்றால் பெரிதாகத் தோன்றும். நூறு பேரில் நால்வருக்கு வரும் நோய் மூவருக்கு வரும் என்றாலும் அதே 25 விழுக்காடுதான். பின்னதை உம்மாவும் வாப்பாவும் எளிதில் உணர்வர். முன்னது விளம்பரக்காரருக்கு உகந்தது.

சென்னை சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய மற்றோர் ஆய்வு இதைவிட நம் வீடுகளுக்கு நெருக்கமானது. ஏழை நோயாளர் 193 பேரில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் சேர்த்தும், மறுபகுதியினரை நெருக்கடி மிகுந்த அவரவர் வீட்டிலேயே இருத்தியும் ஓராண்டு ஒரே மருந்தைத் தந்தனர். வீட்டில் இருந்தோர் பெற்ற குணம் ஏறத்தாழ சானடோரியத்தில் இருந்தோர்க்கு ஈடாக இருந்தது. அவர்களோடு வாழ்ந்த குடும்பத்தாரிடம் நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. 1959இல் இம்முடிவு வெளியானதும் பல நாடுகள் சானடோரியங்களை விட்டு வீட்டு மருத்துவத்திற்குத் திரும்பின. ஆனால் இதே செய்தி நம் தெருக்களுக்கு முழுமையாக வந்து சேர்ந்ததா? காசநோய் என்றதும் தட்டையும் குவளையையும் தனியே வைப்பதும், பெண்ணின் நிக்காஹ் பேச்சு முறிந்துவிடுமென்று நோயை மறைப்பதும் இன்னும் ஓயவில்லை. மருந்தைத் தவறாது உண்ணத் தொடங்கினால் பிறருக்குத் தொற்றும் ஆற்றல் விரைவில் தணியும் என்பதைச் சேத்துப்பட்டு அறிக்கையைப் படித்த மருத்துவர் அறிவார். மறைத்து வைத்த தட்டின் முன் அமர்ந்திருப்பவரோ அறியார்.

கல்பாக்கத்திலும் அடுத்துள்ள புதுப்பட்டினத்திலும் தாய்மார் நம்மிடம் கேட்பதெல்லாம், குழந்தைக்கு அந்த ஊசியைப் போடலாமா என்பதே. போடலாம், பிறந்தவுடனே போடவேண்டும். ஆனால் இடது தோளில் தழும்பு இருக்கிறதே என்று பெரியவர் வாளாவிருக்கலாகாது. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் அரசு மருத்துவமனையில் சளியைச் சோதித்துக்கொள்ளவேண்டும். அங்கு சோதனைக்கும் மருந்துக்கும் கட்டணமில்லை.