கேட் வெல்டிங் வேலையா? வீட்டுத் தரையையும் கவனியுங்கள்

தீபாவளியும் பொங்கலும் நெருங்கும்போது பல வீடுகளில் கேட்டைச் சரிசெய்வது, ஜன்னல் கிரில் மாற்றுவது, கார் நிறுத்துமிடத்துக்குக் கூரை போடுவது என வேலைகள் தொடங்கிவிடும். பெரும்பாலும் வெல்டிங் செய்பவரை வீட்டுக்கே வரவழைத்து, வாசலிலேயே வேலையை முடித்துக்கொள்கிறோம். சிலர் சொந்தமாகவே ஒரு சிறிய வெல்டிங் இயந்திரம் வாங்கி வைத்திருக்கிறார்கள். வேலை முடிந்த பிறகுதான் டைல்ஸில் கரும்புள்ளிகளும், இரண்டு மழைக்குப் பின் துருக்கறையும் கண்ணில் படுகின்றன. தரைக்கு வந்த சேதம் பணச் செலவோடு போய்விடும். அதே தீப்பொறி செருப்பு அடுக்கின் அடியில் போய் விழுந்தால் விளைவு வேறு.

தீப்பொறி எவ்வளவு தூரம் போகும்?

வெல்டிங்கில் தெறிப்பது உருகிய இரும்புத் துளி. இரும்பு உருக ஏறத்தாழ 1,500 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். அந்தச் சூட்டோடு விழும் துளி தரையில் பட்டு உருண்டோடி, சுவரோரத்து இடுக்கிலும் கதவின் அடியிலும் புகுந்துகொள்ளும். கிரைண்டரில் பறப்பவை அதைவிடச் சிறிய இரும்புத் தூள்கள். அவை கூட்டமாக ஒரே திசையில் பாயும்.

அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதிகள், இத்தகைய வேலை நடக்கும் இடத்திலிருந்து 35 அடி, அதாவது ஏறத்தாழ 11 மீட்டர் சுற்றளவில் எரியக்கூடிய பொருள் எதுவும் இருக்கக்கூடாது என்கின்றன. நம் வரிசை வீடுகள் பலவற்றின் அகலமே 20 அல்லது 22 அடிதான். அப்படியென்றால் உங்கள் வாசலில் பறக்கும் பொறி, பக்கத்து வீட்டுக் கார் வரை எட்டும். வேலை தொடங்குமுன் அண்டை வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லி, காரைத் தள்ளி நிறுத்தச் சொல்வது நல்லது. கிரைண்டர் தூள் கார்க் கண்ணாடியிலும் பெயிண்டிலும் ஒட்டிக்கொண்டால் கழுவினால் போகாது.

எந்தத் தரைக்கு என்ன ஆகும்?

டைல்ஸ்: உருகிய துளி பளபளப்பான மேற்பூச்சில் ஒட்டி, சிறு குழி விழச் செய்யும். அதைச் சரிசெய்ய வழியில்லை. அந்த டைலை மாற்றத்தான் வேண்டும்.

எப்பாக்ஸி பூச்சு, பிளாஸ்டிக் விரிப்பு: துளி விழுந்த இடம் இளகிக் கருகும், புகையும் கெட்ட வாடையும் வரும்.

வெறும் சிமெண்ட் தரை: வெல்டிங் பொறிகளை ஓரளவு தாங்கும். ஆனால் கேஸ் வைத்து இரும்பை வெட்டும்போது தீச்சுடர் நேராகத் தரையில் படக்கூடாது. சிமெண்டுக்குள் இருக்கும் ஈரம் திடீரென நீராவியாகி, மேல்பகுதி வெடித்துச் சில்லுகளாகத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

எதை விரிக்கக் கூடாது?

கைக்கு எட்டியதை விரிப்பதுதான் வழக்கம். பழைய பெட்டி அட்டை, பிளைவுட், கான்வஸ், சாக்கு, கால்மிதி, பிளாஸ்டிக் தாள் ஆகிய எல்லாமே தீப்பற்றக் கூடியவை. சாக்கை நனைத்துப் போட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். வேலை நீண்டால் அது காய்ந்துவிடும். அதோடு, மின்சார வெல்டிங் நடக்கும் இடத்தில் ஈரம் இருந்தால் மின்சாரம் தாக்கக்கூடும். பழைய கூரையிலிருந்து கழற்றிய அஸ்பெஸ்டாஸ் தகட்டையும் எடுக்காதீர்கள். அது தீப்பிடிக்காது என்றாலும், உடையும்போது கிளம்பும் தூசி நுரையீரலுக்குப் பெரும் கேடு.

எதை விரிக்கலாம்?

இரும்புத் தகடு: மிக எளிய வழி. தரையோடு ஒட்டிப் போடாமல் ஓரங்களில் செங்கல் வைத்துச் சற்று உயர்த்தினால் சூடு டைலுக்கு இறங்காது. மீந்துபோன கூரை ஜிங்க்கையும் பயன்படுத்தலாம். ஆனால் அதன் பள்ளங்கள் வழியே துளிகள் ஓடி ஓரத்தில் விழும். அந்த ஓரத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஜிங்க்கின் மீதே தீச்சுடர் படக்கூடாது. துத்தநாகப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர் காய்ச்சல் போல உடம்பை வாட்டும்.

காய்ந்த மணல்: தகட்டின் மேலும், அதைச் சுற்றியும் இரண்டு அங்குல உயரம் பரப்பினால் விழும் துளிகள் அங்கேயே அடங்கிவிடும். ஒரு வாளி மணலைத் தனியாகப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெல்டிங் போர்வை: கண்ணாடி இழையால் நெய்தது ஏறத்தாழ 540 டிகிரி வரை தாங்கும். சிலிக்கா இழையால் ஆனது ஏறத்தாழ 980 டிகிரி வரை தாங்கும், விலையும் அதிகம். பறந்து வரும் பொறிகளுக்கு முதல் வகை போதும். பெரிய துளிகள் நேராக விழும் இடத்தில் அதை மட்டும் நம்பாமல் மேலே தகடு வையுங்கள்.

எதை விரித்தாலும் இரண்டு விரிப்புகளுக்கு நடுவே இடைவெளி விடாதீர்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கட்டும். இயன்றால் கேட்டைக் கழற்றி, வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி, ஸ்டாண்டின் மேல் வைத்து வெல்டிங் செய்வது எல்லாவற்றிலும் மேல்.

விரிப்பதற்கு முன்

தரையை முதலில் கூட்டுங்கள். காய்ந்த இலை, மோட்டார் சைக்கிள் எண்ணெய்க் கறை, செருப்பு அடுக்கு, பழைய செய்தித்தாள் கட்டு, கேஸ் சிலிண்டர் எல்லாவற்றையும் அகற்றுங்கள். நிலைவாசலில் காய்ந்த மாவிலைத் தோரணம் தொங்கினால் அதையும் கழற்றி வைத்துவிடுங்கள். கால்வாய் மூடியில் இடைவெளி இருந்தால் தகடு போட்டு அடையுங்கள்.

பெட்ரோல், தின்னர் ஆகியவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, வாளியைத் திறந்த இடத்திலிருந்து தொலைவிலும் தீப்பிடிக்கும். எனவே பெயிண்ட் அடிப்பதையும் வெல்டிங்கையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். வெல்டிங் முடிந்து இரும்பு ஆறிய பிறகு பெயிண்ட் டின்னைத் திறக்கலாம். கறையை நீக்க பிரேக் கிளீனர் தெளிக்கவும் வேண்டாம். அவற்றுள் குளோரின் கலந்த வகைகள், வெல்டிங் வெப்பத்தில் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறக்கூடும்.

வேலை நடக்கும்போது

வெல்டிங் இயந்திரத்தின் எர்த் கிளிப்பை, வேலை செய்யும் இரும்பிலேயே மாட்ட வேண்டும். தரையில் போட்ட தகட்டில் மாட்டக்கூடாது. காய்ந்த ரப்பர் அடிப்பாகம் உள்ள காலணி கட்டாயம்; ஜப்பான் சிலிப்பரோடு நிற்கவே கூடாது. வெளிர்நிற டைல்ஸ் வெல்டிங் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். ஆகவே பிள்ளைகள் எதிரே நின்று பார்க்காவிட்டாலும் கண் எரிச்சல் வரலாம். அவர்களை வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள். உலர்தூள் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

வேலை முடிந்த பின்

உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவது பலரின் வழக்கம். அதுதான் துருக்கறைக்குக் காரணம். முதலில் உலர்வாகக் கூட்டுங்கள். பிறகு ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுத் தரை முழுதும் இழுத்தால், கண்ணுக்குத் தெரியாத இரும்புத் தூளும் பையில் ஒட்டிக்கொள்ளும். பையை உள்புறம் வெளியாகத் திருப்பினால் தூளைக் கொட்டிவிடலாம். கழுவுவது அதன் பிறகுதான்.

ஏற்கெனவே கறை படிந்திருந்தால் டைல்ஸில் ஆக்ஸாலிக் அமிலக் கரைசலைக் கையுறையோடு பயன்படுத்தலாம். பளிங்குத் தரைக்கு இது ஆகாது. குளோரின் பிளீச் துருவை எடுக்காது. அதோடு ஆசிட்டைக் கலந்தால் நச்சு வாயு கிளம்பும்.

கடைசியாக ஒன்று: இயந்திரத்தை நிறுத்தியதும் கேட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போய்விடாதீர்கள். இடுக்கில் விழுந்த துளி, நெருப்பு தெரியாமல் நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும். அமெரிக்க விதிகளில் முன்பு அரை மணி நேரமாக இருந்த கண்காணிப்பை, 2019-இல் ஒரு மணி நேரமாக உயர்த்தினார்கள். மாலையில் வேலையை முடித்துவிட்டுக் குடும்பத்தோடு கோயிலுக்குப் புறப்படுவதாக இருந்தால், அந்த ஒரு மணி நேரத்தையும் கணக்கில் சேர்த்து வேலையைத் தொடங்குங்கள். தீ கையை மீறினால் மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995.